வட்டிலப்பம் மட்டும் போதுமா?

திருக்கோவில்ல நாங்கள் வளர்ந்த கதையைச் சொன்னால் அதுக்குள்ள அக்கரைப்பற்றும் கட்டாயம் வரும். ரோட்டில பைக் நிண்டா, பின்னால வாற காக்கா ஒருத்தர் தன்ட டேங்கில இருந்து ஒரு போத்தல் பெற்றோல் எடுத்துத் தருவார். பேர்கூடக் கேக்கமாட்டார். பெருநாளைக்கு வட்டிலப்பம் வரும், பொங்கலுக்குப் புக்கை போகும். கையில காசில்லாத மாசம் சாமானைத் தந்துபோட்டுக் கொப்பியில எழுதிவைக்கிற கடை ஒண்டு எங்கள் எல்லார் வீட்டுக்கும் இருந்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "எங்கட சனத்துக்குள்ள பிரச்சினையே இல்ல, எல்லாம் அரசியல்வாதிமார் செய்யிற வேலை" என்று முடிப்பது வழக்கம். நாங்களும் அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தோம்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அப்படி முடிக்க முடியவில்லை. குண்டு வைத்தவர்களுக்கும் எங்களுக்குச் சாமான் தந்த காக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது தெரிந்தும் எங்களில் சிலர் கடையை மாற்றினோம். யாரும் சண்டை பிடிக்கவில்லை, சும்மா போகாமல் விட்டோம். அதே வருடம் ஜூனில், கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி ஒரு பக்கம் உண்ணாவிரதம், அதை எதிர்த்து மறுபக்கம் சத்தியாக்கிரகம். ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் சாப்பிட்ட ஊர்தான் அதுவும்.

அப்போ அந்த வட்டிலப்பம் பொய்யா? இல்லை. ஆனால் அன்பு முகம் பார்த்து நடக்கிறது. எனக்குத் தெரிந்த காக்கா நல்லவர், தெரியாத ஆயிரம் பேரைப் பற்றி வதந்தி சொல்வதுதான் எனக்குத் தெரியும். சமூகங்கள் சேர்ந்து வேலை செய்வதென்றால், முகம் தெரியாதவரையும் நம்ப ஒரு வழி வேண்டும்.

அஷுதோஷ் வார்ஷ்ணே என்ற ஆய்வாளர் 2002இல் வெளிவந்த தன் நூலில் கலவரம் வெடிக்கும் இந்திய நகரங்களையும் வெடிக்காத நகரங்களையும் சோடி சோடியாக ஒப்பிட்டார். அலிகாருக்குச் சோடி கோழிக்கோடு. ஒன்றாகச் சாப்பிடுவதும் பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவதும் கிராமத்துக்குப் போதலாம், நகரத்துக்குப் போதாது என்பது அவர் முடிவு. வியாபாரச் சங்கம், தொழிற்சங்கம், வாசகர் வட்டம் என்று இரு சமூகமும் ஒரே அமைப்பில் இருந்த இடங்களில்தான் வதந்தி தீயாகப் பிடிக்கவில்லை.

இதற்கு இந்தியாவரைக்கும் போகத் தேவையில்லை. எங்கட அம்பாறை மாவட்டத்திலேயே கல்லோயா இருக்கிறது. 1956இல் தமிழர்கள் கொல்லப்பட்ட கலவரம் நடந்த பள்ளத்தாக்கு அது. 1981இல் அதன் இடதுகரை வாய்க்கால்களுக்கு இளம் பட்டதாரிகள் சிலரை அனுப்பினார்கள். மேல்பக்கம் சிங்கள விவசாயிகள், தண்ணீர் ஒழுங்காக வந்துசேராத கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் தமிழர்கள். அந்த வருடம் குளத்தில் தண்ணியும் குறைவு. பட்டதாரிகள் ஒற்றுமையைப் பற்றிப் பேச்சு வைக்கவில்லை. ஒரே சிறு வாய்க்காலில் தண்ணி எடுக்கிற கொஞ்சப் பேரைச் சேர்த்து, "முதல்ல எதைச் செய்யலாம்?" என்று கேட்டார்கள். அவர்கள் வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், முறை வைத்துத் தண்ணி பாய்ச்சினார்கள், மிஞ்சியதைக் கீழே விட்டார்கள். பிறகு வாய்க்காலுக்கு ஒரு பிரதிநிதி, அவர்களெல்லாம் சேர்ந்து மேலே ஒரு குழு. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் நோர்மன் அப்ஹொஃப் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

அது போரை நிறுத்தவில்லை, உண்மைதான். ஆனால் கீழே இருக்கிற முகம் தெரியாத ஒருவனுடைய வயலுக்கும் தண்ணி போனது. மேலே இருந்தவர்களின் நல்ல மனசு ஒரு முறையாக மாறியதால்தான் அது நடந்தது. நல்ல மனசு இல்லாமல் முறை தொடங்காது. முறை இல்லாவிட்டால் அந்த மனசு ஒரு கெட்ட செய்தி வந்தவுடனே அடங்கிப்போகும். 2019இல் எங்களுக்கு நடந்தது அதுதான்.

இப்பவும் எங்கட பக்கம் விதைப்புக்கு முன் ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. எப்ப விதைக்கிறது, எப்ப தண்ணி விடுறது, மாட்டை எப்ப அப்புறப்படுத்துறது என்று விவசாயிகளும் அதிகாரிகளும் ஒன்றாக இருந்து முடிவெடுக்கிறார்கள். சத்தம் போடுவார்கள், ஆனால் திகதி குறிக்காமல் எழும்பமாட்டார்கள். எங்கட வாப்பாமாரும் அப்பாமாரும் செய்கிற இந்த வேலையை நாங்கள் எங்கே செய்கிறோம்? விளையாட்டுக் கழகம் ஊருக்கு ஒன்று. இரத்ததான முகாம் தனித்தனி. வாட்ஸ்அப் குழுவும் தனித்தனி.

வெட்கத்தோடு இதையும் சொல்லவேண்டும்: இதை எழுதுகிற எங்கட குழுவிலும் எல்லாரும் ஒரே பக்கத்து ஆக்கள்தான். அதனால் அடுத்த கூட்டத்தை அக்கரைப்பற்றில் வைக்கிறோம். விருந்தாளியாக அழைக்க அல்ல, பாதிப் பொறுப்பைக் கொடுக்க. கணக்குக் கொப்பியை யார் வைத்திருப்பது என்பதையும் அங்கேதான் பேசுவோம். சண்டை வரும். வரட்டும், முடிவெடுத்துப்போட்டு எழும்புவோம்.