உறங்கும் தட்டை எழுப்புவது யார்?



உங்கள் சபை அலுவலகக் கணினியில் இரண்டாவதாக ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கக்கூடும். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, காணிக்கைக் கணக்கு ஆகியவற்றின் நகல்களுக்கென்று பொருத்தப்பட்டு, பின்பு மாதக்கணக்கில் ஒருவராலும் தொடப்படாத வன்தட்டு அது. ஆயினும் அது திடீரென்று சுழலத் தொடங்குவதையும், சற்று நேரத்தில் ஓய்வதையும், மறுபடியும் எழும்புவதையும் கவனித்திருப்பீர்கள். "தட்டு பழுதாகிவிட்டது, வேறு வாங்குங்கள்" என்று ஆலோசனை சொல்ல அநேகர் உண்டு. அந்த ஆலோசனைக்கு அவசரப்பட்டுச் செவிகொடாதிருங்கள்.

வன்தட்டு பெரும்பாலும் தானாக விழிப்பதில்லை. ஏதோ ஒரு நிரல் அழைப்பதாலேயே எழும்புகிறது. 20 நிமிடம் வேலையின்றி இருக்கும் தட்டை நிறுத்திவிடுவது விண்டோஸின் வழக்கமான அமைப்பு. அப்படி நின்றதை ஆண்டிவைரஸ் சோதனை எழுப்பலாம். கோப்புகளை அட்டவணையிடும் இண்டெக்ஸிங் எழுப்பலாம். வாரந்தோறும் நடக்கும் டிஃப்ராக்மென்ட் வேலையும் எழுப்பலாம். தட்டின் வெப்பத்தையும் ஆரோக்கியத்தையும் கண்காணிக்கும் மென்பொருளும் சில வேளைகளில் இதைச் செய்கிறது. நலம் விசாரிக்க வந்தவரே நோயாளியை உறங்கவிடாத நிலை அது! அழைப்பவரைக் கண்டுபிடிக்க, ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பகுதியைத் திறந்து வைத்திருங்கள். தட்டு எழும்பும் வேளையில் அதிலுள்ள கோப்புகளை எந்த நிரல் நாடுகிறது என்பது அங்கே தெரியவரும்.

இதை அற்பமான சத்தம் என்று விட்டுவிடுவதும் சரியன்று. நின்ற தட்டைச் சுழலவைக்கும் அந்தச் சில நொடிகளில்தான் மோட்டார் மிகுதியான மின்சாரத்தை இழுக்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பினால் நாளொன்றுக்கு 72 முறை. ஆண்டொன்றுக்கு 26,280 முறை. பழைய மேசைக்கணினித் தட்டுகள் பலவற்றுக்கு உற்பத்தியாளர்கள் குறித்த வரம்பு 50,000 முறைதான். ஆகவே அழைக்கும் நிரல் அகப்படவில்லையெனில், பவர் ஆப்ஷன்ஸில் தட்டை ஒருபோதும் நிறுத்தவேண்டாம் என்று அமைத்துவிடுவதே மேல். ஓயாமல் விழுந்து எழும்புவதைவிட, சீராகச் சுழல்வது அதற்கு இலகு.

ஆனாலும் என் எண்ணத்தில் முதன்மையான கேள்வி வேறு. நகலுக்கான தட்டு ஏன் எப்பொழுதும் இணைக்கப்பட்டே இருக்கவேண்டும்? கணினியில் ரான்சம்வேர் நுழைந்தால், இணைந்திருக்கும் தட்டுகள் அனைத்தையும் அது பூட்டக்கூடும். மின்னல் தாக்கினால் மூலமும் நகலும் ஒருங்கே அழியக்கூடும். பல தலைமுறைகளின் பெயர்கள் அடங்கிய பதிவேடுகளுக்கு இது போதுமான காவல் அல்ல.

தட்டைக் கழற்ற இயலாதவர்கள், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதன்மேல் வலது சொடுக்கி ஆஃப்லைன் என்பதைத் தெரிவு செய்யலாம். கோப்புகளைத் தேடிவரும் நிரல்களுக்கு அது புலப்படாது. எனினும் மின்னலிலிருந்து அது காப்பாற்றாது. இயன்றவர்கள் கணினியை முற்றிலும் அணைத்து, தட்டைக் கழற்றி, உறையிலிட்டு, பதிவேடுகள் இல்லாத வேறொரு அறையின் பீரோவில் வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து நகலெடுக்கும்போது, ஒரு பழைய கோப்பையாவது திறந்து வாசித்துப் பாருங்கள்.