72 வயசில் கல்லூரிக்கு!

பில் பெலிச்சிக் பெயரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர். (முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஆட்டம்!) நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியில் 24 சீசன் இருந்து, 6 முறை சூப்பர் பௌல் கோப்பை வாங்கித் தந்தவர். 2024 ஜனவரியில் அங்கிருந்து விலகினார். அதே வருஷம் டிசம்பரில், 72 வயதில், வட கரோலினா பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அவர் கல்லூரி அணிக்குப் பயிற்சி தருவது அதுதான் முதல் தடவை. அவருடைய அப்பா 1950-களில் அங்கேயே துணைப் பயிற்சியாளராக இருந்தவர்!

2025 செப்டம்பரில் முதல் ஆட்டம். டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்திடம் 48-14 என்று தோல்வி. அந்த சீசனில் 12 ஆட்டங்களில் 4 மட்டுமே வெற்றி. "இந்த வயசில் இது தேவையா?" என்று கேட்கத் தோன்றும்.

தேவைதான் என்பேன் நான். வருஷத்துக்கு 1 கோடி டாலர் சம்பளம் என்றால் கணக்குக் கேட்கத்தான் செய்வார்கள், அதில் தப்பில்லை. ஆனால் தொழில்முறை வீரருக்கு ஆட்டமே வேலை. கல்லூரி மாணவருக்குப் பாடம், பரீட்சை எல்லாம் உண்டு; சில வருஷத்தில் படிப்பு முடிந்து போய்விடுவார். அவங்களுக்கு அடிப்படையிலிருந்து சொல்லித்தரணும். 6 கோப்பை வாங்கியவருக்கும் அது புதுப் பாடம்தான்.

பேசாமல் வீட்டில் இருந்திருந்தால் அவர் பெயருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. தோற்றாலும் பரவாயில்லை என்று வந்தாரே, அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. காலாண்டுப் பரீட்சை மார்க்கை மட்டும் வைத்து நம்மை எடை போட்டால் நாம ஒத்துக்குவோமா? சொல்லுங்க!