ஐம்பதிலும் வளையும்!

"ஐந்தில் வளையாததா ஐம்பதில் வளையப் போகிறது?" எங்கள் பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் தாய்மார்களிடம் எழுத்துப் பேச்சை எடுத்தால் இதுதான் பதில். படித்த நாமும் தலையாட்டி விடுகிறோம். மூளை அப்படிச் சொல்லவில்லை, நண்பர்களே!

மனிதன் எழுதத் தொடங்கி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தாம். அதற்குள் படிப்பதற்கென்றே மூளையில் தனிப்பகுதி முளைக்க நேரம் ஏது? முகங்களையும் பொருள்களையும் இனங்காண இருந்த நரம்புப் பின்னலில் ஒரு பகுதியே எழுத்தை அறியும் வேலையையும் ஏற்றது என்கிறார் பிரெஞ்சு அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் தெஹான். வளர்ந்தபின் படிக்கக் கற்றோரிடமும் அதே இடம் எழுத்தைக் கண்டு விழிப்பதை இவர் குழு 2010-இல் காட்டியது. லக்னோ அருகே கிராமங்களில் எழுத்தறியாத பெரியவர்களுக்கு ஆறே மாதம் இந்தி எழுத்துக் கற்பித்ததில், மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸ் வரை மாற்றம் தெரிந்ததாக 2017-இல் மற்றொரு குழு அறிவித்தது. சிறுவயதில் கற்றவரின் வேகம் வராதுதான். வராவிட்டால் என்ன? வங்கிச் சீட்டில் எழுதியிருப்பது என்னவென்று தெரிந்து கையெழுத்திட அந்த வேகம் எதற்கு? நீருக்குள் பாசிக்கும் பாசிக்கும் வேற்றுமை காணும் கண்ணுக்கு 'ண'வும் 'ன'வும் பிரியாமலா போகும்?

நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் கருவேல முள் வெட்டுகிறோம். (அது அடுத்த மழையில் தழைத்துவிடுகிறது!) அந்த உழைப்பில் பாதியை, பாசிக்குப் போகாத நாட்களின் மாலைகளில், ஆறு மாதம் எழுத்து வகுப்புக்குத் தரலாம் என்பது என் கருத்து. என்னோடு வர நால்வர் இசைந்துள்ளனர். விரிவுரையாளர்கள் இசைவு தருவார்களா?