பீட்ஸா கடை குருகுலம்

போன வருடம் ஆறு மாதம் மகன் வீட்டில் இருந்தேன். அமெரிக்காவில் சான் டியேகோ பக்கம். பத்து வயதுப் பேத்தி மாண்டலின் கற்றுக்கொள்கிறாள். கர்நாடக சங்கீதம் இல்லை, புளூகிராஸ். ஃபிடில் (நம் வயலின்தான்), மாண்டலின், பாஞ்சோ, கிதார், ஆளுயர டபுள் பாஸ் என்று தந்தி வாத்தியங்களை வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசிக்கும் அமெரிக்க நாட்டுப்புறக் கச்சேரி. அவள் ஓயாமல் கேட்பது நிக்கல் கிரீக் என்ற குழுவை. அவளோடு நானும் கேட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் போல ஓய்வு பெற்றவர், கென்டக்கிக்காரர், நல்ல மனிதர். ஒருநாள் மாலை இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் இது புளூகிராஸ் இல்லை. பாஞ்சோவே கிடையாதே! அதெல்லாம் எங்கள் மண்ணில் பிறந்தவர்களுக்குத்தான் வரும்" என்றார். பேத்தியின் முகம் வாடிவிட்டது. நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மண். இந்த இசையின் தந்தை என்று சொல்லப்படும் பில் மன்ரோ 1911-ல் பிறந்த கென்டக்கிக்காரர்தான். அண்ணன்மார் ஃபிடிலையும் கிதாரையும் எடுத்துக்கொள்ள, கடைக்குட்டிக்கு மிஞ்சியது மாண்டலின். அது இத்தாலியிலிருந்து வந்த வாத்தியம். ஃபிடில் ஐரோப்பியச் சரக்கு. பாஞ்சோவோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தந்தது. மன்ரோ தன் மாமாவிடம் ஃபிடில் மெட்டுகளைக் கேட்டு வளர்ந்தார். ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரிடம் ப்ளூஸ் கேட்டுக்கொண்டார். இதில் எது கலப்பில்லாத மண்?

அடுத்து பாஞ்சோ. மன்ரோவின் குழு 1939-ல் நாஷ்வில் வானொலி மேடை ஏறியபோது அதில் பாஞ்சோ இல்லை. சில வருடம் கழித்துத்தான் வந்தது. 1945 தொடக்கத்தில் அவர் பதிவு செய்த பாட்டுகளில் அக்கார்டியன்கூட உண்டு! இன்று அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு வந்தால் இந்தக் காவலர்கள் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மூன்று விரலால் பாஞ்சோவை அதிரவைத்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் சேர்ந்தது 1945 டிசம்பரில். அவருக்கு வயது 21. ஒரு சின்னப் பையன் கொண்டுவந்த புதுமைதான் இப்போது 'சுத்தம்' என்று பேர் வாங்கியிருக்கிறது.

இப்போது நிக்கல் கிரீக்கைப் பார்ப்போம். கலிபோர்னியாவில் கார்ல்ஸ்பாட் என்ற ஊரில் ஒரு பீட்ஸா கடை. வாரா வாரம் அங்கே புளூகிராஸ் கச்சேரி. இரண்டு குடும்பங்கள் வாடிக்கையாக வந்து கேட்கும். பிள்ளைகள் சினேகமானார்கள். 1989-ல் குழு தொடங்கியபோது மாண்டலின் கிறிஸ் தீலிக்கும் ஃபிடில் சாரா வாட்கின்ஸுக்கும் எட்டு வயது. சாராவின் அண்ணன், கிதார் ஷானுக்குப் பன்னிரண்டு. கிறிஸ்ஸின் அப்பாவே பாஸ் வாசித்தார். கடையில் வாசித்த கலைஞரிடமே பாடம். அதைக் குருகுலம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? கிறிஸ் பன்னிரண்டு வயதில் கேன்சஸ் மாநிலத்து வின்ஃபீல்டில் நடந்த தேசிய மாண்டலின் போட்டியில் முதல் பரிசு வாங்கினான். 2000-ல் வந்த அவர்கள் தொகுப்பைத் தயாரித்தவர் அலிசன் கிராஸ். ஐந்து வயதில் மேற்கத்திய சாஸ்திரிய வயலினில் தொடங்கியவர், வளர்ந்தது இல்லினாயில். அடுத்த தொகுப்புக்கு கிராமி விருது. பின்னாளில் கிறிஸ் பாக் இசையை மாண்டலினில் வாசித்துத் தனியாகவே வெளியிட்டார்.

இவ்வளவு பேசுகிற எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்ற சிறுவனைக் கேட்க நண்பர் டிக்கெட்டோடு வந்து கூப்பிட்டார். "மாண்டலினில் கமகமாவது! சினிமா வாத்தியம் ஐயா அது" என்று பெரிய மேதாவி போலச் சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். நாம் கொண்டாடும் வயலினே வெள்ளைக்காரனிடமிருந்து வந்தது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. பிறகு எத்தனையோ முறை அவரைக் கேட்டு உருகினேன். ஆனால் அந்தப் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பையனை நேரில் கேட்கும் பாக்கியம் போனது போனதுதான். 2014-ல் 45 வயதிலேயே அவரும் போய்விட்டார்.

பாரம்பரியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுருதி விலகினால் கண்டியுங்கள். தாளம் தப்பினால் தலையில் குட்டுங்கள். பழைய மெட்டுகளைப் பாடம் பண்ணாமல் 'ஃப்யூஷன்' என்று குதித்தால் எழுந்து போய்விடுங்கள். ஆனால் வாசிக்கிற குழந்தையிடம் "நீ எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியால் எந்தக் கலையும் பிழைத்ததில்லை. நம் ஊரில் அதைக் கேட்டே எத்தனை பேரை வாசலில் நிறுத்திவைத்தோம் என்பது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

அடுத்த மாதம் பேத்தி பள்ளிக்கூட மேடையில் வாசிக்கிறாளாம். பக்கத்து வீட்டுத் தாத்தாவை முதல் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன்.