அப்பா காலத்து கார்... இந்தக் காலத்துப் பாட்டு! பழைய ஸ்டீரியோவில் மொபைலை இணைப்பது எப்படி?

இன்ஜின் நன்றாக இருக்கிறது. ஏசி ஓடுகிறது. டயர் மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால், டேஷ்போர்டில் கம்பெனி பொருத்திக் கொடுத்த ஸ்டீரியோவில் கேசட் வாயோ, சிடி வாயோ மட்டும்தான் இருக்கிறது. பாட்டு எல்லாம் மொபைலில் இருக்கிறது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

செகண்ட் ஹேண்டில் பழைய கார் வாங்கியவர்கள், அப்பா வாங்கிய காரை விற்க மனம் வராமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்திலும் இதே கேள்விதான். தென்காசிப் பக்கம் இருக்கும் ஆலங்குளம் அல்ல. தமிழ்நாடு அரசின் சிமென்ட் ஆலை இருக்கும் ஆலங்குளம். சிவகாசி, ராஜபாளையம் என எந்தப் பக்கம் போனாலும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கரிசல் காட்டு ரோட்டில் பாட்டு இல்லாமல் பயணம் நகராது.

கடைக்குப் போனால், "இதையெல்லாம் கழற்றிப் போட்டுட்டு டச் ஸ்க்ரீன் மாட்டிருங்க அண்ணாச்சி" என்பதுதான் முதல் பதில். அது ஒரு வழிதான். ஒரே வழி அல்ல. சில நூறு ரூபாயில் முடியும் வழிகளும் இருக்கின்றன. கவனக்குறைவாகச் செய்தால் வயரிங்கையே எரித்துவிடும் வழிகளும் இருக்கின்றன. எது எது என்று பார்த்துவிடலாம்.

கேசட்டிலிருந்து ப்ளூடூத் வரை

பிலிப்ஸ் நிறுவனம் காம்பாக்ட் கேசட்டை அறிமுகப்படுத்தியது 1963-ல். 1968-ல் அது காருக்குள் வந்தது. 1982-ல் சிடி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதுவும் டேஷ்போர்டுக்கு ஏறியது. ஆப்பிளின் ஐபாட் வந்தது 2001-ல். அதன் பிறகுதான், 'வெளியில் இருக்கும் ஒரு கருவியின் பாட்டை கார் ஸ்டீரியோவில் கேட்க ஒரு ஓட்டை வேண்டும்' என்ற தேவையே பெரிதாக எழுந்தது. அந்த ஓட்டையின் பெயர்தான் ஆக்ஸ்.

நம் ஊரிலும் இதே வரிசைதான். படத்தின் பெயரையும் பாட்டின் முதல் அடியையும் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, ரெக்கார்டிங் கடையில் 60 நிமிட, 90 நிமிட கேசட்டுகளில் பதிந்து வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அப்புறம் ஒரே சிடியில் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள் அடங்கிய எம்பி3 வந்தது. அடுத்து மொபைல் கடைகளில் பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் 'பாட்டு ஏற்றுவது'. இப்போது எல்லாம் ஆன்லைன். மாறாமல் இருப்பது பழைய காரின் டேஷ்போர்டு மட்டும்தான்.

முதலில் தேட வேண்டிய இடம்

எதையும் வாங்குவதற்கு முன், காருடன் கொடுத்த மேனுவலைப் புரட்டுங்கள். ஆக்ஸ் ஓட்டை சில கார்களில் ஸ்டீரியோவின் முகப்பில் இருக்காது. கிளவ் பாக்ஸுக்குள்ளோ, ஹேண்ட் பிரேக் பக்கத்திலோ, ஆர்ம் ரெஸ்ட் மூடிக்குக் கீழேயோ ஒளிந்திருக்கும். முன்பு ஓட்டியவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம்.

ஸ்டீரியோவில் 'சிடி சேஞ்சர்' என்ற பட்டன் இருந்தால் இன்னொரு வாய்ப்பு உண்டு. டிக்கியில் வைக்கும் சிடி சேஞ்சருக்கான சாக்கெட் அந்த செட்டின் பின்பக்கம் இருக்கும். 'சேஞ்சர் மாட்டியிருக்கிறது' என்று செட்டை நம்பவைக்கும் சிறிய அடாப்டர்கள் சில மாடல்களுக்குக் கிடைக்கின்றன. உங்கள் செட்டின் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் சரியான அடாப்டர் அமையும். ஒரு கம்பெனியின் அடாப்டர் இன்னொரு கம்பெனி செட்டில் வேலை செய்யாது.

ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல்...

கேசட் பிளேயர் ஓடுகிறதா? அப்படியென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கேசட் வடிவத்திலேயே ஓர் அடாப்டர் இருக்கிறது. அதில் டேப் கிடையாது. அதற்குப் பதில் ஒரு சின்ன காந்தத் தலை இருக்கும். மொபைலிலிருந்து வரும் சிக்னல் அந்தத் தலையில் காந்த அலையாக மாற, எதிரே இருக்கும் பிளேயரின் ஹெட் அதைப் பாட்டாகப் படித்துக்கொள்ளும். செட்டுக்கு ஏதோ கேசட் ஓடுவதாக நினைப்பு; அவ்வளவுதான். ஒலி மங்கலாகக் கேட்டால், ஒரு பட்ஸில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு பிளேயரின் ஹெட்டை மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். பல ஆண்டு தூசி அதில் அப்பியிருக்கும்.

புது மொபைல்களில் இயர்போன் ஓட்டையே இல்லாததால், ப்ளூடூத் உள்ள கேசட் அடாப்டரும் விற்கிறது. ஆனால், அதற்குள் சின்ன பேட்டரி இருக்கும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கேசட் இல்லை, சிடியும் ரேடியோவும்தான் என்றால், எஃப்.எம் டிரான்ஸ்மிட்டர் கைகொடுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் இந்தக் கருவி, மொபைல் பாட்டை ப்ளூடூத்தில் வாங்கி, குட்டி ரேடியோ ஸ்டேஷன் போல ஒலிபரப்பும். கார் ரேடியோவை அதே அலைவரிசைக்குத் திருப்பினால் பாட்டு கேட்கும்.

இதில்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல் இருக்கிறது. எஃப்.எம் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகக்கூடியவை. மலை மேலிருந்து ஒலிபரப்பாகும் கோடை பண்பலை (100.5), தென்மாவட்டங்களில் வெகுதூரம் கேட்பதற்குக் காரணம் அந்த உயரம்தான். அந்த எண்ணிலோ அதை ஒட்டியோ உங்கள் குட்டி டிரான்ஸ்மிட்டரை வைத்தால், மலைக்கு முன்னால் மண்மேடு கதைதான். 93.5, 98.3, 106.4 போன்ற தனியார் பண்பலை எண்களையும் தவிர்த்துவிடுங்கள். ரேடியோவை ஒரு முறை முழுக்க ஓட்டிப் பார்த்து, வெறும் 'உஷ்' சத்தம் மட்டும் வரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மதுரைப் பக்கம் போகும்போது அந்த இடமும் மாறலாம். எனவே இரண்டு மூன்று காலி எண்களை மெமரியில் போட்டுவைப்பது நல்லது.

இதே தத்துவத்தில் ஒயர் மூலம் வேலை செய்யும் எஃப்.எம் மாடுலேட்டரும் உண்டு. ஆன்டெனா ஒயருக்கும் செட்டுக்கும் நடுவில் இதை மாட்டுவார்கள். பாட்டு ஓடும்போது ஆன்டெனாவைத் துண்டித்துவிடுவதால் மற்ற ஸ்டேஷன்களின் தொல்லை இருக்காது. செட்டை வெளியே எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் கூடுதல் வேலை.

செட்டைத் திறந்து ஆக்ஸ் போடலாமா?

போடலாம். கைதேர்ந்த எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்குகள் செய்கிறார்கள். ரேடியோ, கேசட், சிடி எதிலிருந்து வந்தாலும், பாட்டு சிக்னல் செட்டுக்குள் ஓர் இடத்தில் வால்யூம் கன்ட்ரோல் ஐசி-க்குள் நுழையும். அந்த வாசலில் இடது, வலது, எர்த் என மூன்று ஒயர்களை வைத்து வெளியே ஒரு 3.5 மி.மீ சாக்கெட்டைக் கொண்டுவருவதுதான் வேலை. பின்னைச் செருகியதும் பழைய சிக்னல் தானாகத் துண்டாகும் வகை சாக்கெட் என்றால், எடுத்துவிட்டால் ரேடியோவும் கேசட்டும் முன்போலவே ஓடும்.

சிடி செட்டில் இன்னொரு யுக்தியும் உண்டு. சத்தமே இல்லாத ஒரு சிடியைப் பதிந்து ஓடவிடுவார்கள். செட் சிடியைப் படித்துக்கொண்டிருக்கும். காதில் விழுவது மொபைல் பாட்டு.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை மூன்று:

* போர்டில் அந்த இடத்தில் ஏற்கெனவே சில வோல்ட் மின்சாரம் இருக்கும். அது மொபைலுக்குள் போகாமலும், மொபைல் அந்த மின்னழுத்தத்தைக் கெடுக்காமலும் தடுக்க, இரண்டு சேனலிலும் கெபாசிட்டர் வைக்கிறாரா?

* மொபைலின் ஒயரை ஸ்பீக்கர் ஒயரில் சேர்க்கப் போகிறாரா? அப்படியென்றால் செட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். இப்போதைய பெரும்பாலான கார் செட்களில் ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர் எர்த் அல்ல. அதைப் பாடியில் தொட்டால் ஆம்ப்ளிஃபையர் ஐசி காலி ஆகிவிடலாம்.

* செட்டுக்கு ரகசிய கோடு இருக்கிறதா? பேட்டரி ஒயரைக் கழற்றினால் சில கம்பெனி செட்கள் பூட்டிக்கொண்டு எண் கேட்கும். அந்த எண் மேனுவலிலோ, தனி அட்டையிலோ இருக்கும். தவறான எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் செட் முழுவதுமாக லாக் ஆகும். எண் கையில் இல்லாமல் பேட்டரியில் கை வைக்க வேண்டாம்.

ஏர்பேக் உள்ள கார் என்றால் இன்னும் ஒரு எச்சரிக்கை. டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிற கனெக்டரோ உறையோ கண்ணில் பட்டால், பெரும்பாலும் அது ஏர்பேக் லைன். அதில் டெஸ்டர் வைப்பதும், அதிலிருந்து கரன்ட் எடுப்பதும் கூடவே கூடாது.

"கொய்ங்" சத்தம் வருகிறதா?

ஆக்ஸ் போட்டாயிற்று. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பாட்டுக்குப் பின்னால் ஒரு விசில் சத்தமும் சேர்ந்து ஏறுகிறது. பலரும் செட் போய்விட்டது என்று நினைப்பார்கள். மொபைல் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால், கோளாறு செட்டில் இல்லை. சார்ஜர் வழியாகவும் ஆக்ஸ் ஒயர் வழியாகவும் மொபைலுக்கு இரண்டு எர்த் கிடைத்து, ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அதில் சுற்றுகிறது. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறிய பெட்டியை ஆக்ஸ் ஒயரின் நடுவில் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்குள் இருப்பது இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள்தான்.

மொபைல் வால்யூமை முக்கால்வாசியில் வைத்து, மீதியை செட்டில் கூட்டிக்கொள்ளுங்கள். மொபைலில் குறைத்து செட்டில் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

பட்டாசு ஊரில் ஒயரோடு விளையாட வேண்டாம்

புது செட்டே மாட்டுவது என்று முடிவெடுத்தாலும் பரவாயில்லை. பல பழைய கார்களில் இருப்பது சிங்கிள் டின் அளவு. அதாவது 180 மி.மீ அகலம், 50 மி.மீ உயரம். அதே அளவில் யுஎஸ்பி, ப்ளூடூத் உள்ள செட்கள் கிடைக்கின்றன. டேஷ்போர்டோடு வடிவமைத்த செட் என்றால் அந்த மாடலுக்கான ஃபிரேம் தேவைப்படும்.

இதில் முக்கியமான விஷயம் ஒயரிங். கம்பெனி ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றும் வேலையை அனுமதிக்காதீர்கள். உங்கள் கார் மாடலுக்கான கப்ளர் கடையில் கிடைக்கும். ஒரு பக்கம் காரின் சாக்கெட், மறு பக்கம் புது செட். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. நாளைக்கே பழைய செட்டைத் திரும்ப மாட்டலாம். வெயிலில் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி, முறுக்கிய ஒயர் வெளியே எட்டிப் பார்ப்பது நம் பக்கத்தில் சாதாரணம்.

ஃபியூஸ் எரிந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸையே போட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றுவதும், சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளை வைப்பதும் பாட்டைத் திரும்ப வரவழைக்கும், கூடவே ஆபத்தையும். ஷார்ட் ஆனால் முதலில் எரிந்து காரைக் காப்பாற்ற வேண்டியது ஃபியூஸ். அதை எரியாமல் செய்துவிட்டால், அதற்குப் பதில் ஒயர் எரியும்.

டிக்கியில் ஆம்ப்ளிஃபையரும் வூஃபரும் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பேட்டரியிலிருந்து பின்னால் வரை ஒரு தடித்த ஒயர் வருகிறது. பேட்டரிக்கு மிக அருகிலேயே அதற்குத் தனி ஃபியூஸ் வேண்டும். ஆம்ப்ளிஃபையர் ஓட ஓடச் சூடாகும். தீபாவளி மாதத்தில் அதே டிக்கியில்தான் சொந்தக்காரர்களுக்கான பட்டாசு கிஃப்ட் பாக்ஸும் ஏறும். சின்னத் தீப்பொறி என்ன செய்யும் என்பதை சிவகாசி வட்டாரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆலைக்குள் மொபைலைக்கூடக் கொண்டுபோகாத பழக்கம் உள்ளவர்கள், காரின் டிக்கியிலும் அதே கட்டுப்பாட்டை வைக்கலாம். பட்டாசு ஏறும் காரில் ஆம்ப்ளிஃபையர் இணைப்பு கழன்றிருக்கட்டும்.

வெளியில் மாட்டிய செட், ஆம்ப்ளிஃபையர் போன்றவற்றை இன்ஷூரன்ஸில் தனியாகக் குறிப்பிட்டால்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு கிடைக்கும் என்பதையும் பாலிசி புதுப்பிக்கும்போது நினைவில் வையுங்கள்.

எதைத் தேர்வு செய்வது?

கேசட் ஓடினால் கேசட் அடாப்டர். ரேடியோ மட்டும் நன்றாக இருந்தால் எஃப்.எம் டிரான்ஸ்மிட்டர். பழைய செட்டின் மேல் பிரியம் இருந்து, நல்ல மெக்கானிக்கும் கிடைத்தால் ஆக்ஸ். செட்டே ஓய்ந்துவிட்டால் கப்ளரோடு புது செட். இந்த வரிசையில் யோசித்தால் பணம் வீணாகாது.

எந்த வழியானாலும், பாட்டு வரிசையை வண்டி கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். மொபைலைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு ஆபத்தான ஓட்டுதல் என்றே சொல்கிறது. பாட்டை மாற்றும் பொறுப்பு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடையது.

கழற்றிய பழைய செட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துணியில் சுற்றி, அதன் பிராக்கெட், ஸ்க்ரூ, கோடு அட்டை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு பரணில் வையுங்கள். காரை விற்கும்போது ஒரிஜினல் செட்டும் இருக்கிறது என்றால் வாங்குபவர் முகம் மலரும். விற்கவில்லை என்றால், அப்பா கைப்பட எழுதிவைத்த கேசட்டுகளை ஓட்டிப் பார்க்க வீட்டில் ஒரு பிளேயராவது மிஞ்சும்.