எல்லையைத் தாண்டினால் கடன் தீர்ந்துவிடுமா?

விடுமுறைக்குத் துபாய் சென்று, வாடகைக் கார் எடுத்து, அபுதாபி வரை ஓட்டி மகிழ்ந்து ஊர் திரும்பிய சில வாரங்களில், வேக வரம்பை மீறியதற்கான அபராதச் செய்தி வந்து சேர்கிறது. இத்தாலிக்குச் சென்று வந்தவருக்கோ பல மாதங்கள் கழித்துப் பதிவுத் தபால் வருகிறது. அப்போது நம்மவரிடையே எழும் முதல் கேள்வி, "எப்படிக் கட்டுவது?" என்பதாக இருப்பதில்லை. "கட்டாவிட்டால் என்ன செய்துவிடுவார்கள்?" என்பதாகவே இருக்கிறது. ஆலோசனை சொல்லவும் ஆட்கள் உடனே கிடைத்துவிடுகிறார்கள். வங்கி அட்டையை முடக்கிவிடு, கடிதத்தைக் கிழித்துப் போடு, அந்த நாட்டுப் பக்கம் இனிப் போகாதே என்கிறார்கள். ஐவேளைத் தொழுகையைப் பேணுகிறவர்களும், வாங்கும் ஒவ்வொரு உணவுப் பொட்டலத்திலும் ஹலால் முத்திரையைத் தேடுகிறவர்களுமே இதைச் சிரித்த முகத்துடன் சொல்வதுதான் நம்மை வருத்துகிறது. இந்த ஆலோசனை மார்க்கத்துக்கு முரணானது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கார்ச் சாவியைப் பெறும்போது நாம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறோம். வாகனம் நம் பொறுப்பில் இருக்கும் காலத்தில் ஏற்படும் போக்குவரத்து அபராதங்களை நாமே ஏற்போம் என்ற வாசகம் அதில் இருக்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை என்பது வேறு செய்தி. அல்மாயிதா அத்தியாயம், ஈமான் கொண்டோரை விளித்து, ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு கட்டளையிட்டே தொடங்குகிறது. நிக்காஹ் ஒப்பந்தத்துக்கும் வணிக ஒப்பந்தத்துக்கும் பொருந்துகிற அக்கட்டளை, வாடகைக் கார் ஒப்பந்தத்துக்கு மட்டும் பொருந்தாது என்று கூற எவருக்கும் ஆதாரம் இல்லை.

"அது அவர்கள் இயற்றிய சட்டம், அவர்களுடைய நாடு, நமக்கென்ன?" என்று சிலர் வாதிடுகிறார்கள். விசா பெற்று ஒரு நாட்டுக்குள் நுழைபவர், அந்நாட்டின் சட்டங்களுக்கு உட்பட்டு நடப்பதாக வாக்களித்தே நுழைகிறார். ஃபிக்ஹ் நூல்கள் பேசும் 'அமான்' என்னும் பாதுகாப்பு உடன்படிக்கைக்கு இதை ஒப்பிட்டு அறிஞர்கள் விளக்கியுள்ளனர். அமான் பெற்றவர் அந்நாட்டாருக்குத் துரோகம் செய்தல் கூடாது. பத்ருப் போருக்கு முன்பு ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவர்களுடைய தந்தையாரும் குறைஷியரிடம் சிக்கி, போரில் கலந்துகொள்வதில்லை என்று வாக்களித்து விடுபட்டனர். படைபலம் மிகவும் தேவைப்பட்ட அந்த நேரத்திலும், எதிரிக்கு அளித்த வாக்கைக் காப்பாற்றுமாறு நபி (ஸல்) அவர்கள் அவ்விருவருக்கும் பணித்தார்கள். போர்க்களத்து எதிரிக்குக் கொடுத்த வாக்கே அவ்வாறு காக்கப்பட வேண்டுமென்றால், விருந்தினராக வரவேற்ற நாட்டுக்குக் கொடுத்த வாக்கின் நிலை என்ன?

"நாட்டைவிட்டு வந்துவிட்டோம், இனி யார் கேட்பார்?" என்ற வாதத்துக்கு ஹிஜ்ரத்தே பதிலாக நிற்கிறது. தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்காவைவிட்டு வெளியேறிய இரவில், அந்நகரத்தார் தம்மிடம் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் அங்கே விட்டுச்சென்றார்கள். ஊரைக் கடப்பது பொறுப்பை நீக்குமென்றால், அலீ (ரலி) அவர்கள் அங்கே தங்கியிருக்கத் தேவையே ஏற்பட்டிருக்காது.

இவற்றையெல்லாம்விட நம்மைக் கலங்கவைப்பது வேறொன்று. வளைகுடாவுக்குச் சுற்றிப்பார்க்கச் செல்பவர்களில் பலர், அங்கு வேலை பார்க்கும் மைத்துனர் அல்லது தம்பியின் பெயரில் காரை எடுத்துத் தாமே ஓட்டுகிறார்கள். ஒப்பந்தத்தில் பெயரில்லாதவர் ஓட்டினால் காப்பீடு கைவிட்டுவிடும் என்ற ஆபத்து ஒருபுறம் இருக்க, அபராதம் யார் தலையில் விழுகிறது? அமீரகத்தில் வரம்புக்கு மேல் மணிக்கு 20 கிலோமீட்டர் வரை சென்றால் 300 திர்ஹம், 30 வரை 600, 40 வரை 700, 50 வரை 1,000 என்று தொகை ஏறுகிறது. 50-ஐத் தாண்டி 60 வரை சென்றால் 1,500 திர்ஹத்துடன் 6 கரும்புள்ளிகளும் 15 நாள் வாகனப் பறிமுதலும் சேர்ந்துகொள்கின்றன. 24 கரும்புள்ளிகள் சேர்ந்தால் ஓட்டுநர் உரிமமே நிறுத்திவைக்கப்படும். துபாயில் பலகையிலுள்ள வரம்புக்கு மேல் 20 கிலோமீட்டர் வரை கேமரா பொறுத்துக்கொள்கிறது. அபுதாபியில் அச்சலுகை 2018 ஆகஸ்ட் மாதத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது. இதை அறியாத விருந்தாளி ஒரே பயணத்தில் மூன்று நான்கு அபராதங்களைச் சேர்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார். பகிர்ந்து தங்கும் அறையில் ஒரு கட்டில் இடத்துக்கு வாடகை கொடுத்து, மிச்சத்தை ஊருக்கு அனுப்பும் மைத்துனர், உறவு கெட்டுவிடக் கூடாதே என்று வாய் திறவாமல் தம் சம்பளத்திலிருந்து அதைக் கட்டுகிறார். அவருடைய மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது அநீதி. இது ஹக்குல் இபாத், அதாவது அடியார்களுக்கு உரிய உரிமை. உரியவர் மன்னிக்காதவரை அது சுமையாகவே நிற்கும்.

"கேமராக்கள் வசூலுக்காகவே வைக்கப்பட்டவை" என்றொரு குற்றச்சாட்டும் உண்டு. சில இடங்களில் அதில் உண்மை இருக்கலாம். ஆனால் வேகத்தின் விளைவு உண்மையாகிவிட்ட பின் யாராலும் மாற்ற முடியாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் 60 ஆகும்போது மோதலின் ஆற்றல் 44 விழுக்காடு கூடிவிடுகிறது. சராசரி வேகம் 1 விழுக்காடு உயர்ந்தால் உயிர்ப்பலி விபத்தின் அபாயம் 4 விழுக்காடு உயர்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சாலையைக் கடக்கும் ஒரு குழந்தையின் உயிருக்காக விதிக்கப்பட்ட வரம்பை, வசூல் என்ற ஒற்றைச் சொல்லால் தள்ளிவிட முடியாது.

இன்னும் சிலர், "அந்தத் தொகையை ஏழைக்கு ஸதகாவாகக் கொடுத்துவிடுகிறேன்" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். கடைக்காரருக்குத் தர வேண்டிய பாக்கியைப் பள்ளிவாசல் உண்டியலில் போட்டால் கடைக்காரரின் கணக்கு தீராது. கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, சில தீனார்களே ஆன அக்கடனை அபூ கதாதா (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற பின்னரே நபி (ஸல்) அவர்கள் தொழுவித்தார்கள் என்பதை நாம் ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

கேட்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அறிவிப்பிலுள்ள வாகன எண், நாள், நேரம், இடம் ஆகியவற்றை ஒப்பந்தத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். காரைத் திருப்பிக் கொடுத்த பின் நிகழ்ந்த மீறலாக இருந்தால், உரிய ஆதாரத்துடன் மறுத்து எழுதுங்கள். மேல்முறையீட்டுக்குக் குறிக்கப்பட்ட கெடுவைத் தவறவிடாதீர்கள். வாடகை நிறுவனம் பிடித்துக்கொள்ளும் நிர்வாகக் கட்டணம் வேறு, அரசுக்குரிய அபராதம் வேறு. முதலாவதைச் செலுத்தியதால் இரண்டாவது தீர்ந்துவிட்டதாக எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். இத்தாலியில் வெளிநாட்டில் வசிப்பவருக்கு 360 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்பச் சட்டம் இடமளிக்கிறது. பெரும்பாலான மீறல்களில், அறிவிப்புக் கிடைத்த 5 நாள்களுக்குள் செலுத்துவோருக்கு 30 விழுக்காடு தள்ளுபடி உண்டு. 60 நாள்களைக் கடத்தினால் தொகை பெருகும். உறவினர் பெயரில் கார் எடுத்திருந்தால், ஊர் திரும்பிய பின்னும் ஓரிரு மாதம் வரை அவரிடம் நீங்களே கேளுங்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள்.

சகோதரர்களே! கேமரா பார்க்காத இடத்திலும் அல்லாஹ் பார்க்கிறான் என்று நம் பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். கேமரா பார்த்துப் படம்பிடித்துக் கடிதமும் அனுப்பிய பின் அதைக் கிழித்துப் போடும் தந்தையிடமிருந்து அப்பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? குடியேற்றத் துறையின் முத்திரை நம் கடவுச்சீட்டில்தான் விழுகிறது, நம் வினைச்சுவடியில் விழுவதில்லை. பிறர் உரிமையைச் சுமந்தபடி தன்னைச் சந்திக்கும் நிலையிலிருந்து வல்ல இறைவன் நம் அனைவரையும் காப்பானாக!