மூன்றாம் தடவையும் சளிதானா?

இரண்டு மாதக் குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம். அழுதாலும் பால் குடித்தாலும் அது கூடுகிறது. விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்குகிறது. "நெஞ்சில சளி கட்டிட்டுது" என்று வீட்டில் தீர்ப்பாகிவிடும். இரத்மலானையில் காலி வீதியோர டிஸ்பென்சரியில் மருந்து எடுத்தால் குறையும், பிறகு திரும்பும்.

சில குழந்தைகளுக்கு அது சளியே அல்ல. குரல்நாண்களுக்குக் கீழே, மூச்சுப்பாதை மிகவும் ஒடுங்கிய இடத்தில், இரத்தக்குழாய்க் கட்டி வளர்கிறது. புற்றுநோயல்ல; சில மாதங்கள் பெருத்துப் பிறகு தானாகவே சுருங்கும். அதுவரை மூச்சு தாங்க வேண்டுமே! ஸ்டீரொய்ட் கொடுத்தால் தற்காலிகமாகத் தணிவதால் வைத்தியரும் ஏமாறலாம். இக்குழந்தைகளில் சுமார் பாதிப்பேருக்குத் தோலிலும் இத்தகைய சிவந்த கட்டி இருக்கும். தாடைப் பக்கம் அப்படி ஒன்று தெரிந்தால் அதிர்ஷ்ட மச்சம் என்று பூரிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

முன்பு பல குழந்தைகளுக்குக் கழுத்தில் துளையிட நேர்ந்தது. இதயக் கோளாறுக்குக் கொடுத்த ப்ரோப்ரனலோல் இந்தக் கட்டிகளையும் சுருக்குவதைத் தற்செயலாகக் கண்ட பிரான்சின் போர்தோ மருத்துவர்கள், 2008இல் அதை வெளியிட்டார்கள். பழைய, மலிவான மருந்துதான். ஆனால் இதயத்துடிப்பையும் இரத்தச் சர்க்கரையையும் கவனித்தபடி கொடுக்க வேண்டியது. பாமசியில் கேட்டு வாங்குவதல்ல.

தாயைக் குறை சொல்வது எல்லோருக்கும் எளிது. மூன்றாம் தடவையும் அதே சத்தத்தோடு வரும் குழந்தையை, பொரளை ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவது டிஸ்பென்சரி வைத்தியரின் கடமை. வீட்டுக்கு வரும் மிட்வைஃப் எடையோடு மூச்சையும் கவனிக்கலாம். அப்பா அந்தச் சத்தத்தை ஃபோனில் வீடியோ எடுத்து வைத்தால், வைத்தியருக்கு முன்னால் குழந்தை அமைதியாக உறங்கினாலும் காட்டலாம். சிங்களத்தில் விளக்கத் தயங்கும் தாயோடு பக்கத்து வீட்டார் ஒருவர் போனால் பாதிச் சிக்கல் தீரும். உதடு நீலம் பாரித்தால் யோசனையே வேண்டாம்: 1990, இலவச அம்புலன்ஸ்.

குழந்தைகளின் மூச்சுப்பாதையில் வரும் இன்னொரு நோய், குரல்வளை மருக்கள். பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் எச்பிவி வைரஸின் 6, 11ஆம் வகைகளால் வருவது. குரல் கம்மும், மூச்சு அடைக்கும். வெட்டினாலும் மீண்டும் முளைக்கும். அவ்வகைகளையும் தடுக்கும் ஊசியை 2007இல் தொடங்கிய ஆஸ்திரேலியாவில் இந்நோய் மிக அரிதாகிவிட்டது. இலங்கையில் 2017 முதல் ஆறாம் தர மாணவிகளுக்கு எச்பிவி ஊசி இலவசம். ஆனாலும் 'இந்த வயதில் எதற்கு?' என்று சம்மதப் படிவம் புத்தகப்பையிலேயே கசங்குவதுண்டு. படிவம் வருவதற்கு முன்பே, சுகாதார வைத்திய அதிகாரியை அழைத்துப் பெற்றோரிடம் தமிழில் பேசவைக்க நம் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களால் முடியும்.